நூற்றுப்பதினெட்டாவது படிவம்

மார்ச் 3, செவ்வாய்

நகர மன்றத்து ஆள் காலையிலேயே வந்து ஒரு கட்டுப் படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யலாமா என்று ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் என் பங்கு. நூற்றுப்பதினெட்டு வீடு. வீட்டுக்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஆறு கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கடைசியில் 'வேறு கருத்து' என்று ஒரு கோடு.

ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இந்த மாதிரி வேலைகள் தாமாகத் தேடிக்கொண்டு வரும். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் என்று ஊருக்கே தெரியும். ஆனால் இந்த முறை யாரும் என்னைத் தேடவில்லை. நானே போய்ப் பெயர் கொடுத்தேன்.

காரணம் என் மனைவி. பின்னறையில், ஜன்னலோரம், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று மாதமாக உட்கார்ந்தேதான் தூங்குகிறாள். நுரையீரல் பழைய ஸ்பஞ்சு மாதிரி இறுகிவிட்டது என்றார் டாக்டரம்மா. நல்ல உதாரணம். வகுப்பில் நான் சொல்லியிருக்கக்கூடியது.

மருத்துவமனைக்குப் போக பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பத்துப் பேர் நின்றால் ஆறு பேர் வாயில் புகை. இவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பாள். ஏற்கெனவே இல்லாத மூச்சை எங்கே அடக்குவது?

தடை வந்தால் அந்த முப்பது அடி தூரத்தைச் சும்மா நடப்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

இருபத்திரண்டு வீடு முடிந்தது. இருபத்திரண்டும் ஆம்.

பாதிப் பேர் என்னிடம் புவியியல் படித்தவர்கள். கதவைத் திறந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் ஓடிப்போய் டிவியை அணைத்தான். 'கடைசி பெஞ்ச்' இருக்கிறானே, பள்ளியில் வைத்த பெயர் இன்னும் போகவில்லை, இப்போது சொந்தமாக மெக்கானிக் கடை, தலையில் பாதி வழுக்கை. என்னைக் கண்டதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அங்கிருந்து புகை எழும்புகிறது, புறப்பட நிற்கும் ரயில் மாதிரி.

"தடை பண்ணலாமா, வேண்டாமாப்பா?"

"கண்டிப்பாப் பண்ணணும் சார். ஊரே கெட்டுப்போச்சு சார்."

விரல் சுட்டிருக்க வேண்டும், சொல்லும்போதே ஒரு துள்ளு துள்ளினான். நானும் ஒன்றும் பார்க்காதவன்போல ஆம் கட்டத்தில் டிக் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பத்து நிமிஷம். இனிமேல் சிரிப்பு வரும் கதைகளை இவளிடம் அளந்துதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

எழுபத்தொன்பது வீடு.

பெட்டிக்கடைக்காரரிடம் கேட்கவே கூச்சமாக இருந்தது. "நான் விக்கிறதே அதைத்தான். என்கிட்டயே வந்து கேக்குறீங்களே சார், கோழிகிட்டயே கத்தியைத் தீட்டிக் கொடுன்னு கேட்ட மாதிரி."

"அப்போ இல்லைன்னு போடட்டுமா?"

"ஐயையோ, வேணாம். என் பொண்ணு பாஸானதே உங்க புண்ணியத்துல. நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்றதா? ஆமான்னே போடுங்க."

முதல் 'இல்லை' சலூன்காரரிடமிருந்து வந்தது. ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கத்தரிக்கோலை நிறுத்தாமலே பேசினார். "தப்பா நினைக்காதீங்க. நான் உங்ககிட்ட படிக்கல, அதனால உள்ளதைச் சொல்றேன். எனக்கு ஒரு நாளைக்கு நாலு வேணும். கடைக்குள்ள பிடிச்சா முடிவெட்ட வர்றவரு முகம் சுளிப்பாரு. வீட்ல பொண்டாட்டி விடமாட்டா. ரோட்லயும் கூடாதுன்னா நான் எங்கங்க போறது?"

எழுதிக்கொண்டேன். நல்ல மனிதர், பொறுப்புத்தான் கொஞ்சம் போதாது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

மார்ச் 12, வியாழன்

கடைசி வீடு எங்கள் வீடு. நூற்றுப்பதினெட்டாவது படிவம். வீட்டுத் தலைவியே பதில் சொல்லட்டும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு, வெளியாள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யலாமா?"

"வேண்டாம்."

"விளையாடாதே. எழுதணும்."

"நான் எங்க விளையாடுறேன்? நிறுத்தத்துல நிக்கிறவனை அங்க நிக்காதேன்னா அவன் வீட்டுக்கா போவான்? அடுத்த பஸ்சுக்கு இருபது நிமிஷம் இருக்கு. நம்ம பின்சந்துலதான் நிழல் இருக்கு. இந்த ஜன்னல்கிட்ட வந்து நிப்பான். நிழலை விட்டுட்டு யாருங்க வெயில்ல நிப்பா?"

முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவள். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்பதோடு, அது தாமதமானால் கூட்டம் எந்தத் தூண் பக்கம் நகரும் என்பதும் அவளுக்குத் தெரியும். இப்போதும் ஜன்னல் வழியாக ஹாரன் கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"அப்படியெல்லாம் ஆகாது. சட்டம்னு வந்தா ஒரு பயம் இருக்கும்" என்றேன்.

"நீங்க வகுப்பைப் பார்த்தவர். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவ."

சிரித்துவிட்டு ஆம் கட்டத்தில் டிக் போட்டேன். "உன் நல்லதுக்குத்தானே" என்றேன்.

"சரி வாத்தியாரே" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்காவது கேள்வி: வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா? கண்ணைத் திறக்காமலே "இப்போ இல்லை" என்றாள். 'இப்போ'வை மட்டும் மெதுவாகச் சொன்னாள். நான் விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம், இதே அறையில், இதே மேஜையில், விடைத்தாள் திருத்திக்கொண்டே. அவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இல்லை என்பதில் டிக் போட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

படிவங்களைக் கொடுத்தாயிற்று. நூற்றுப்பதினேழு ஆம், ஒரு இல்லை. "இப்படி ஒரு ஒத்துமையை நான் எந்தத் தெருவிலயும் பார்க்கல சார்" என்றார் குமாஸ்தா. பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

தடை நிறைவேறிவிட்டது. பஸ் நிறுத்தம், சந்தை, பூங்கா, முக்கியச் சாலைகள், அலுவலகப் படிகள். எங்கள் மூன்று தெருவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஆதரவு என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்களாம். ஓடிவந்து அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். மூன்றரை மணி பஸ் ஹாரன் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

மே 4, திங்கள்

இன்று முதல் அமல். காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சும்மா நின்றேன். புதுப் பலகை. ஒரு துளி புகை இல்லை. ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பார்க்கவே நிறைவாக இருந்தது. இவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று திரும்பினேன்.

பின்சந்தில் ஏழு பேர். ஜன்னலிலிருந்து நான்கடி. சுவரில் சாய்ந்துகொண்டு.

கடைசி பெஞ்ச்தான் முதலில் பார்த்தான். கை முதுகுக்குப் போனது. "அங்க கூடாதுன்னு போர்டு வச்சுட்டாங்க சார். சட்டத்தை மதிக்கணும்ல சார்?"

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னான்.

உள்ளே போனேன். அவள் ஜன்னலை ஏற்கெனவே சாத்தியிருந்தாள். "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மே 6, புதன்

சாத்தினால் புழுங்குகிறது, திறந்தால் இருமுகிறாள்.

மே 11, திங்கள்

மன்ற அலுவலகம் போனேன். குமாஸ்தா நாற்காலி போட்டு உட்கார வைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டினார். "பாருங்க சார், உங்களுக்குத் தெரியாத வரைபடமா? அந்தச் சந்து பின்னாடி இருக்கிற அடுக்குமாடிக்காரங்களோடது. பொது இடம் இல்லை. தனியார் வழி. தடை பொது இடத்துக்குத்தான்."

அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளரிடம் போனேன். மிகவும் மரியாதையானவர். "சந்து எங்களோடதுதான் ஐயா. ஆனா அதுல நிக்கிறவங்க எங்க ஆளுங்க இல்லையே. வெளியாளை நாங்க எப்படி விரட்டறது? அது மன்றத்து வேலை."

மறுபடி மன்றம். மறுபடி குடியிருப்பு. மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி ஒரே தடத்தில். கடைசியில், சந்தில் சிகரெட் துண்டுகள் குவிகின்றன என்றாவது எழுதிக் கொடுங்கள், சுகாதாரப் பிரிவு பார்க்கும் என்றார்கள். ஒரு பக்கம், பத்தி பிரித்து, அழகாக எழுதிக் கொடுத்தேன்.

மே 18, திங்கள்

என் மனுவுக்கு நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்.

சந்தில் ஒரு பீப்பாய் வைத்து, நிறைய மணல் கொட்டி, மேலே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்: 'புகைப்பவர்கள் துண்டுகளை இங்கே அணைக்கவும்.' ஜன்னலுக்கு நேரே. கூட்டம் அதைச் சுற்றி வட்டமாக நிற்கிறது. இதுவரை ஒதுங்கி நின்றவர்களுக்கு இப்போது அதுதான் அவர்களுடைய இடம்.

மே 20, புதன்

எத்தனை பேர்கிட்டதான் சொல்றது. எத்தனை தடவை. இன்னைக்கு நாலு மணிக்கு அவளுக்கு மூச்சு நின்னே போற மாதிரி ஆயிடுச்சு. உதடு நீலமா. நான் ஓடுறேன், மருந்தை எங்க வச்சேன்னு தெரியல, மேஜையில இருந்ததெல்லாம் கீழ கொட்டுது. அவ கையை நீட்டிக் காட்டுறா — அங்க, அங்க — என் கண்ணுக்கு முன்னாடிதான் இருக்கு.

அடங்கினதும் சந்துக்குப் போய்க் கத்தினேன். வகுப்பில்கூட நான் கத்தியதில்லை. எல்லாரும் உடனே அணைத்துவிட்டார்கள். "ஸாரி சார்", "தெரியாது சார்", "அம்மாவுக்கு முடியலையா சார்?" நல்ல பிள்ளைகள். நாலரை பஸ்ஸில் ஏறிப் போனார்கள். ஐந்து மணி பஸ்ஸுக்கு வேறு எட்டுப் பேர் வந்தார்கள்.

மே 26, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் செய்தித்தாள். சந்துக்குள் திரும்புகிறவன் என்னைப் பார்ப்பான், பாக்கெட்டுக்குப் போன கை சும்மா வெளியே வரும், "நல்லா இருக்கீங்களா சார்" என்று ஒரு கும்பிடு, நடையைக் கட்டுவான். பரீட்சைக் கண்காணிப்பு மாதிரிதான். மூன்று நாளாக ஓரளவு வேலை செய்கிறது.

ஓரளவு என்று எழுதுகிறேன். சலூன்காரர் மாதிரி என்னிடம் படிக்காதவர்கள் பாதி. அவர்களுக்கு நான் சந்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஒரு கிழவன். ஒருவர் என்னிடமே தீப்பெட்டி கேட்டார்.

இன்று உள்ளேயிருந்து ஜன்னலில் இரண்டு தட்டு. ஓடினேன்.

"என்ன, என்ன வேணும்?"

"தண்ணி." குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க வெளிய காவல் காத்தா உள்ள எனக்கு யாருங்க?"

ஜூன் 2, செவ்வாய்

மருத்துவமனை. போகும் வழியில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டினோம். கைக்குட்டையை எடுக்காமலே நடந்தாள். முப்பது அடி. நான் கேட்டது கிடைத்துவிட்டது, எழுத்துக்கு எழுத்து.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இடத்தை மாத்துங்க. மருந்தை ஏத்திக்கிட்டே போறதுல அர்த்தம் இல்லை. வீட்ல யாராவது பிடிப்பாங்களா?"

"யாரும் இல்லை" என்று இவள் முந்திக்கொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் படத்தை வாங்கி உறைக்குள் போட்டேன். 

வேறு வீடு பார்த்தேன். அவளால் மாடி ஏற முடியாது. கீழ்வீடுகள் இரண்டுதான் காலி. ஒன்று சந்தைக்குப் பின்புறம், ஒன்று பூங்காவுக்குப் பின்புறம். இரண்டு இடத்திலும் சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், எங்கள் சந்தில் நிற்பதுபோலவே.

மகள் போனில் சொன்னாள்: "அம்மாவ இங்க அனுப்பிடுங்கப்பா. எட்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு, காத்து நல்லா வருது." இரண்டே அறை. மருமகன், அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒரு கட்டில் போட இடம் ஒழிக்கலாம் என்றாள். "உங்களுக்குத்தான்ப்பா..." என்று இழுத்தாள்.

"எனக்கென்னம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

ஜூன் 9, செவ்வாய்

கடைசி பெஞ்ச் வந்திருந்தான். இவள் மகள் வீட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டானாம். வாசலிலேயே நின்று நெளிந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்குத் தடை வேணும்னு ஏம்பா சொன்னே?"

"நீங்க கேட்டீங்க சார்."

"நான் கேட்டா?"

"நீங்க வந்து நின்னு கேக்கிறப்போ வேற என்ன சார் சொல்றது? கேள்வியைக் கேக்கும்போதே விடை உங்க முகத்துல இருந்துச்சு. வகுப்பிலயும் அப்படித்தானே சார், நீங்க சரியான ஊரைச் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாச் சொல்லுவீங்க. நாங்க அதைத்தான் பிடிச்சுக்குவோம்."

அவன் போய்விட்டான். நாற்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், இந்த விஷயத்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நூற்றுப்பதினெட்டு வீட்டிலும் நான் கருத்துக் கேட்டேனா, ஒப்பிக்கச் சொன்னேனா? உண்மையைச் சொன்னவர் சலூன்காரர் ஒருவர்.

இல்லை. இருவர். ஒருத்தி விஷயம் தெரிந்து, காரணத்தோடு, வேண்டாம் என்று சொன்னாள். அவளுக்கு மட்டும் நானே விடை எழுதிவிட்டேன். எந்த மாணவனுக்கும் நான் செய்யாத காரியம்.

ஜூன் 12, வெள்ளி

அவளிடம் சொன்னேன். படிவத்தில் நீ சொன்னதை நான் போடவில்லை, தப்பு என்னுடையது என்று.

"போட்டிருந்தா மட்டும்? நூத்திப் பதினாறு ஆம், ரெண்டு இல்லை. அதே பீப்பாதான் வந்திருக்கும்" என்றாள்.

கணக்கு சரிதான். ஆனாலும்.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னதைக் கேட்டுட்டு சிரிச்சீங்களே, அதுதான் வலிச்சுது" என்றாள்.   

ஜூன் 14, ஞாயிறு

மகளும் மருமகனும் காரில் வந்தார்கள். மருந்துப் பை, மூச்சு இயந்திரம், தலையணை இரண்டு. மேஜைக் கடிகாரத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அங்கயும் கடிகாரம் இருக்கும்மா" என்றாள் மகள். "இருக்கட்டும். இது எனக்குப் பழகினது."

கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "எட்டு நிமிஷம் லேட்டு" என்றாள் என்னைப் பார்த்து. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் எங்கு புறப்பட்டாலும் நான்தான் அவளை வழியனுப்பப் போயிருக்கிறேன், திரும்பும் தேதியைக் கேட்டுக்கொண்டு. இன்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் அவளுக்கு.

ஜூன் 15, திங்கள்

பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். இனி யாருக்காகச் சாத்துவது?

ஜூலை 8, புதன்

போனில் இரண்டு நிமிஷம். படுத்துத் தூங்குகிறாளாம், ஒரு தலையணையோடு.  "இங்க மூச்சு நல்லா வருது. பேச்சுத்தான் வரமாட்டேங்குது. எட்டாவது மாடிக்கு ஹாரன் கேக்காது. மணி பார்க்கவே மறந்துபோகுது." பின்னால் பிள்ளைகள் சத்தம். "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ம்" என்றேன். 

ஆகஸ்ட் 17, திங்கள்

காலை பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். கையில் படிவத்தோடு ஒரு பெண். பழக்கமில்லாத முகம், என்னிடம் படித்தவள் இல்லை. தடை எப்படி வேலை செய்கிறது என்று மன்றம் மறுபடி கருத்துக் கேட்கிறதாம். உட்காரச் சொன்னேன். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. சந்திலிருந்து புகையும் பேச்சும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவள் ஒருமுறை இருமிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"வீட்ல இப்போ எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்."

"வீட்ல யாராவது புகைபிடிக்கிறாங்களா?"

"இல்லை."

"புகையால வீட்ல இருக்கிற யாருக்காவது உடம்புக்குத் தொந்தரவு இருக்கா?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. அவளுக்கு உதவும்படியான விடை எது என்று அவள் முகத்தில் தேடினேன். எதுவும் இல்லை. நல்ல கணக்கெடுப்பாளர். என்னைவிட நல்லவள்.

"இப்போ இல்லைம்மா" என்றேன்.

டிக் போட்டாள். "எல்லா வீட்லயும் இதேதான் சார் வருது. தடை நல்லா வேலை செய்யுது போல." பையை எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா. கடைசியில 'வேறு கருத்து'ன்னு ஒரு கோடு இருக்கும். அதை நான் எழுதலாமா?"

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மார்ச் பன்னிரண்டாம் தேதி என் மனைவி சொன்னதை, ஒரு வார்த்தை மாற்றாமல், அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். நிறுத்தத்தில் நிற்பவன் எங்கே போவான் என்பதிலிருந்து, நிழலை விட்டுட்டு யாருங்க வெயில்ல நிப்பா என்பதுவரை. கோடு போதவில்லை. ஓரத்தில் மேலே ஏறி, பக்கத்தைத் திருப்பி எழுதினேன். கீழே என் பெயரைப் போடாமல் அவள் பெயரைப் போட்டேன்.

அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னாள்: "சார், இந்தக் கோட்டுல எழுதறதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டாங்க. கட்டத்துல இருக்கிற டிக்கை மட்டும்தான் எண்ணுவாங்க."

"தெரியும்மா" என்றேன்.